பரணில் கிடக்கும் டிரீம்காஸ்ட்: கேட்டவர்களுக்குப் பதில்

மன்னார்குடியில் இருபது வருஷத்துக்கு மேலாக டிவி, டெக், வீடியோ கேம் பெட்டி ரிப்பேர் பார்த்து வருகிறேன். டிரீம்காஸ்ட் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நினைத்ததைவிட நிறையவே வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருத்துறைப்பூண்டி கல்லூரி மாணவர்: அண்ணே, நான் பிறந்ததே 2004-ல். டிரீம்காஸ்ட் என்றால் என்ன? ஏன் இத்தனை பேர் அதை நினைத்து உருகுகிறார்கள்?

தம்பி, ஜப்பானின் செகா கம்பெனி கடைசியாகச் செய்த கேம் பெட்டி அது. ஜப்பானில் 1998 நவம்பர் 27 அன்று வந்தது, அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9. 2001 மார்ச்சோடு தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பிறந்த ஊரிலேயே இரண்டரை வருஷம் நிறையவில்லை. உலகம் முழுக்க விற்றது ஏறத்தாழ 91 லட்சம்.

அதற்குள் வந்த விளையாட்டுகள்தான் உருக வைக்கின்றன. மனித முகம் வைத்த மீனோடு மைக்கில் பேச்சுக் கொடுப்பது ஒன்று. சக்கரக் காலணியில் ஓடிக்கொண்டே சுவரில் ஸ்பிரே அடிப்பது ஒன்று. ஷென்மூ என்ற ஒன்றில் கடைவீதியில் வேலை தேடி அலைவதுகூட விளையாட்டுதான். 2000-ல் செகா தன் உள்குழுக்களைத் தனித்தனி ஸ்டூடியோக்களாகப் பிரித்து, ஓரளவு அவரவர் இஷ்டத்துக்கு விட்டது. கம்பெனி கடனில் தத்தளித்த நேரத்தில் அந்தக் குழுக்கள் யாரையும் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

கூத்தாநல்லூர் சகோதரி: அத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி பரணிலிருந்து கிடைத்தது. ஆன் ஆகிறது. ஆனால் பாதி விளையாட்டில் தானாக ரீசெட் ஆகிவிடுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

போட்டுவிடாதீர்கள் தங்கச்சி. இது அந்தப் பெட்டிக்கு வழக்கமாக வருகிற கோளாறு, செலவே இல்லாத கோளாறு. உள்ளே பவர் சப்ளை தனி போர்டாக இருக்கும். தாய் போர்டிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஆறு பின்களின் மேல் அது உட்கார்ந்திருக்கும். வருஷக்கணக்கில் ஈரக்காற்று பட்டால் அந்தப் பின்கள் கறுத்துப்போகும். சூடேறும்போது கரண்ட் ஒரு நொடி தட்டும், பெட்டி ரீசெட் ஆகும். நம் பக்கம் கடல்காற்று வேறு. நாகப்பட்டினம், வேதாரண்யத்திலிருந்து வருகிற பெட்டிகளில் பின் பச்சை பூத்தே இருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். பெரிய கப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும். பக்கவாட்டில் இருக்கும் மோடத்தை முதலில் கழற்ற வேண்டும், ஒரு ஸ்க்ரூ அதன் பின்னால் ஒளிந்திருக்கிறது. பவர் போர்டை நேராக மேலே தூக்கி, ஆறு பின்களையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பளிச்சென்று ஆகும்வரை துடையுங்கள். காய்ந்ததும் மாட்டுங்கள். பழக்கமில்லை என்றால் ரிப்பேர் தெரிந்த யாரிடமாவது இந்தப் பத்தியைக் காட்டினால் போதும்.

தேதி, நேரம் நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது உள்ளே சால்டர் செய்த பட்டன் செல். சார்ஜ் ஆகிற வகை, எம்எல்2032. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற சிஆர்2032-ஐ அதே இடத்தில் அப்படியே வைக்காதீர்கள். பெட்டி அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், செல் ஒழுகிவிடும்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: மச்சான் அமெரிக்காவிலிருந்து ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறார். அப்படியே பிளக்கில் சொருகலாமா சார்?

கூடாது. அமெரிக்கப் பெட்டிக்கு 120 வோல்ட், ஜப்பான் பெட்டிக்கு 100 வோல்ட். நம் வீட்டில் வருவது 230. நான் கடை வைத்த புதிதில் ஒருவர் ஜப்பான் பெட்டியைக் கொண்டுவந்தார். அடியில் ஒட்டியிருந்ததைப் படிக்காமல் சுவிட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாடை. அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பெட்டியையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன்.

வோல்டேஜைக் குறைத்துத் தரும் நல்ல ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று போடுங்கள். அல்லது ஐரோப்பியப் பெட்டியின் பவர் போர்டு கிடைத்தால் மாற்றிவிடலாம். பழைய டிவியில் போட்டுப் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். அது அமெரிக்கா, ஜப்பானில் இருந்த என்டிஎஸ்சி முறை சிக்னல், நம் ஊர் பிஏஎல் (PAL) முறை மட்டும் தெரிந்த டிவிக்கு அதன் கலர் பிடிபடாது. விஜிஏ அடாப்டர் வாங்கினால் பெரும்பாலான விளையாட்டுகள் மானிட்டரில் 480பி-யில் கண்ணாடி மாதிரித் தெரியும்.

தஞ்சாவூர் ஆசிரியர்: இவ்வளவு நல்ல பெட்டி ஏன் தோற்றது?

ஐயா, தோல்வி அந்தப் பெட்டி பிறக்கும் முன்பே தொடங்கிவிட்டது. அதற்கு முந்தைய பெட்டியான சாட்டர்னை 1995 மே மாதம் அமெரிக்காவில் முன்னறிவிப்பில்லாமல் 399 டாலருக்கு இறக்கினார்கள். சரக்கு கிடைக்காத கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். சோனி பிளேஸ்டேஷனை 299 டாலருக்குக் கொண்டுவந்தது. வாங்கியவர்களும் விற்றவர்களும் செகாவின் மேல் வைத்திருந்த நம்பிக்கை அங்கேயே ஆட்டம் கண்டது.

டிரீம்காஸ்ட் வந்தபோது ஜப்பானில் கிராபிக்ஸ் சிப் போதுமான அளவு கிடைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கப் பெட்டி இல்லை. அமெரிக்காவில் 199 டாலருக்கு நல்ல தொடக்கம்தான். ஆனால் 2000 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வந்தது. அதில் டிவிடி படமும் பார்க்கலாம். சினிமாவுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று இரண்டு வாங்காமல் ஒன்றிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றால் எந்த வீட்டில் யோசிப்பார்கள்? எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய விளையாட்டுக் கம்பெனி டிரீம்காஸ்டுக்கு ஒரு விளையாட்டும் செய்யவில்லை, அதுவும் ஒரு அடி.

திருட்டு சிடியால்தான் செத்தது என்று பலர் சொல்வார்கள். பாதிப்பு இருந்தது உண்மை. எம்ஐஎல்-சிடி என்ற பாட்டு வட்டு ரகத்துக்காக விட்ட வழியில் நுழைந்து, சாதாரண சிடியில் எழுதிய விளையாட்டையே ஓடவைத்தார்கள். அசல் வட்டில் 1 ஜிபி கொள்ளும், சிடியில் 700 எம்பிதான். அதனால் பெரிய விளையாட்டுகளில் பாட்டையும் வீடியோவையும் வெட்டினார்கள். ஆனால் என் கணிப்பில் கம்பெனியைச் சாய்த்தது பழைய கடன்தான்.

இதில் நான் மறக்கக்கூடாது என்று நினைக்கும் ஒருவர் இசாவோ ஒகாவா. செகாவின் தலைவர். கம்பெனியைக் காப்பாற்றத் தன் சொந்தப் பங்குகளிலிருந்து ஏறத்தாழ 69.5 கோடி டாலர் மதிப்பைக் கொடுத்தார். 2001 மார்ச்சில், அந்தப் பெட்டியின் தயாரிப்பு முடிகிற அதே மாதம், காலமானார்.

மயிலாடுதுறையிலிருந்து: ஷென்மூ, ஷென்மூ என்கிறீர்களே. நண்பன் வீட்டில் பார்த்தேன். சும்மா தெருவில் நடக்கிறான். அதில் என்ன இருக்கிறது அண்ணா?

அந்த 'சும்மா நடப்பது'தான் தம்பி. 1986 டிசம்பர், ஜப்பானில் யோகோசுகா என்ற ஊர். அப்பாவைக் கொன்றவனைத் தேடுகிறான் ரியோ. செகாவின் யூ சுசுகியின் குழு செய்து, 1999 கடைசியில் ஜப்பானில் வெளியானது. கதை பழிவாங்கும் கதைதான். ஆனால் அதில் கடிகாரம் ஓடுகிறது. கடைகள் நேரத்துக்குத் திறக்கின்றன, நேரத்துக்கு மூடுகின்றன. ராத்திரி ஆனால் தெருவில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். நீ கேட்க வேண்டிய ஆள் வேலை முடிந்து போய்விட்டால் நாளைக்குத்தான் வர வேண்டும்.

வீட்டில் மேஜை டிராயரைத் திறந்து பார்க்கலாம். காசு போட்டுப் பொம்மை எடுக்கும் மெஷின் உண்டு. காசு போட்டு கேம் ஆடும் ஆர்கேடுக்குள் போனால் செகாவின் பழைய ஹேங்-ஆன் விளையாட்டு முழுசாக இருக்கிறது. கோயில் பக்கம் ஒரு பூனைக்குட்டி கிடக்கும், தினம் போய்ப் பார்த்து உணவு வைக்கலாம். பிறகு துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. பெட்டியைத் தூக்கு, கொண்டுபோய் வை, திரும்பி வா. சாயங்காலம் சம்பளம். அந்த வேலையை நான் சலிக்காமல் செய்திருக்கிறேன்.

அந்த ஊரில் 1986-ல் பதிவான உண்மையான வானிலையை அப்படியே காட்டுகிற வசதியும் அதில் இருக்கிறது. ஒரு ஐப்பசி ராத்திரி, வெளியே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். திரையில் பனி விழ ஆரம்பித்தது. ரியோ நடக்கிற சத்தம் மட்டும். நான் எங்கேயும் போகவில்லை, யாரையும் கேட்கவில்லை, அந்தத் தெருவிலேயே நின்றேன். அப்புறம் கரண்ட் போய்விட்டது. சேவ் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பத்து நிமிஷம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அவசரமாகப் பார்த்தால் பிடிக்காது. ஒரு வாரம், தினம் ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்.

திருவாரூரில் தவில் பயிலும் மாணவி: மாரக்கா வைத்து ஆடும் விளையாட்டு இருந்ததாமே?

சாம்பா டி அமீகோ. மாரக்கா என்பது கையில் பிடித்துக் குலுக்கும் கிலுகிலுப்பை மாதிரி வாத்தியம். திரையில் ஆறு வட்டம்: மேலே இரண்டு, நடுவில் இரண்டு, கீழே இரண்டு. புள்ளி வட்டத்தைத் தொடும் நேரத்தில் அந்த உயரத்தில் மாரக்காவைக் குலுக்க வேண்டும். கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று காலடியில் வைக்கும் கருவி கண்டுபிடித்துவிடும். இது 2000-ல்! கையசைவை வைத்து வீட்டில் விளையாடுவது எல்லோருக்கும் பழகியது அதற்கு ஆறு வருஷம் கழித்துத்தான். தாளம் கைக்கு வந்த உங்களுக்கு முதல் நாளே பிடிபடும் அம்மா. மாரக்கா செட் தேடி அலையத்தான் வேண்டியிருக்கும்.

தஞ்சாவூர் ஓவியம் கற்பவர்: ஜெட் செட் ரேடியோ படம் ஓவியம் மாதிரி இருக்கிறதே, எப்படி?

சாதாரணமாக முப்பரிமாண உருவத்தில் வெளிச்சம் மெல்ல மெல்ல நிழலாக மாறும். அவர்கள் அதை இரண்டு மூன்று படியாக வெட்டிவிட்டு, உருவத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுத்தார்கள். உங்கள் பலகையில் தட்டை வண்ணமும் அழுத்தமான கோடும் சேர்ந்து நிற்கிறதே, கண்ணுக்கு அதே வேலைதான். 2000-ல் ஸ்மைல்பிட் குழு செய்தது. நிஜம்போல் காட்ட முயன்ற அந்தக் காலத்து மற்ற விளையாட்டுகள் இன்று பழசாகத் தெரிகின்றன. இது பழசாகவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து: ஆன் செய்ததும் 'பீப்' என்று அலறுகிறது. பழைய சேவ் எல்லாம் போய்விட்டதா?

போகவில்லை. கன்ட்ரோலரில் சொருகும், சின்னத் திரை வைத்த மெமரி கார்டான விஎம்யூவில் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சேவ் பேட்டரியை நம்பி இல்லை. இதற்கு மட்டும் சிஆர்2032 இரண்டு போடுங்கள். அந்தச் சின்னத் திரையை என்ன அழகாகப் பயன்படுத்தினார்கள்! அமெரிக்கக் கால்பந்தில் எதிராளிக்குத் தெரியாமல் உங்கள் கையில் மட்டும் ஆட்டத் திட்டம் தெரியும். சோனிக் அட்வென்ச்சரில் வளர்க்கும் குட்டியை அதிலேயே இறக்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

பட்டுக்கோட்டையிலிருந்து: அந்தக் காலத்திலேயே இன்டர்நெட் இருந்ததா?

மோடம் பெட்டியோடேயே வந்தது. 2000 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ஃபாண்டசி ஸ்டார் ஆன்லைனில் நாலு பேர் சேர்ந்து போகலாம். தயாராக இருக்கும் சொற்களைப் பொறுக்கி வாக்கியம் அமைத்தால், எதிரில் இருப்பவருக்கு அவர் மொழியில் தெரியும். ஐந்து மொழிகள். பாஷை தெரியாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு டிராகனை அடித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். செகாவின் சர்வர் போய்விட்டது. ரசிகர்கள் தாங்களே சர்வர் வைத்து இன்றும் ஆடுகிறார்கள்.

குத்தாலத்திலிருந்து ஒரு அம்மா: பசங்களுக்கு லீவில் காட்டலாம் என்று பழைய பெட்டியை எடுத்திருக்கிறேன். எதை முதலில் போடட்டும்?

ஷென்மூ வேண்டாம் அக்கா, அது கொஞ்சம் வளர்ந்த பிறகு. கிரேஸி டாக்ஸியும் நல்லதுதான், ஆனால் ஒருவர்தான் ஆட முடியும், சண்டை வரும். சூ சூ ராக்கெட் போடுங்கள். தரையில் எலிகள் ஓடும். அம்புக்குறி வைத்துத் திருப்பி உங்கள் ராக்கெட்டுக்குள் ஏற்ற வேண்டும். ஒருவர் மூன்று அம்பு வைக்கலாம், நாலாவது வைத்தால் முதல் அம்பு மறைந்துவிடும். பூனை உள்ளே வந்தால் ஏறிய எலிகளில் ஒரு பகுதி போச்சு. பக்கத்தில் இருப்பவன் உங்கள் ராக்கெட்டுக்குப் பூனையைத் திருப்பிவிடுவான், அங்கேதான் கூச்சல் ஆரம்பிக்கும். பெட்டியில் நாலு கன்ட்ரோலருக்கு இடம் இருக்கிறது. இரண்டுதான் கையில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் கடையில் பழையது இரண்டு நன்றாக வேலை செய்கிறது, லீவு முடிகிறவரை வைத்துக்கொள்ளுங்கள்.