முகப்படம் எடுக்க முதல் லென்ஸ் எது? கேளுங்கோ, சொல்லுறன்

கேள்வி: அண்ணை, என்னட்ட கனன் 1500டி கமரா, அதோட வந்த 18-55 கிட் லென்ஸ். அடுத்த மாதம் அக்காவின்ர மகளுக்குச் சாமத்திய வீடு. முகம் வடிவா வரோணும், பின்னணி மங்கோணும். எதை வாங்கிறது?

பதில்: 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் எடுங்கோ தம்பி, முதல் லென்சுக்கு அது காணும். எஃப் எண்டது லென்ஸ் திறக்கிற அளவு, எண் குறையக் குறையக் கூடத் திறக்கும், பின்னணியும் கூட மங்கும். உங்கட கமராவுக்குள்ள படம் விழுற சென்சர் சின்னன், 1.6ஆல பெருக்கோணும், அப்ப 50 எண்டது புல் பிரேம் எண்ட பெரிய சென்சர் கமராவில 80 போட்ட மாதிரி வரும், முகத்துக்கு அளவான கணக்கு. கிட் லென்ஸ் 55ல நிண்டா 5.6க்கு மேல திறக்காது, 1.8 எண்டா பத்து மடங்குக்குக் கிட்ட வெளிச்சம் கூட வரும், மண்டபத்துக்குள்ள அதுதான் கைகுடுக்கும். ஆனா 1.8ல கிட்டப் போய் எடுத்தா ஒரு கண் தெளிவு, மற்றக் கண் மங்கல். 2.8 வைச்சு, கிட்ட இருக்கிற கண்ணில போகஸ் பண்ணுங்கோ. சொந்தக்காரர் கூட்டமா நிண்டா 5.6.

கேள்வி: நிக்கன் டி3500 வைச்சிருக்கிறன், பழைய 50 1.8டி லென்ஸ் மலிவா வருது, எடுக்கட்டோ?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்தக் கமராவுக்குள்ளயும் போகஸ் மோட்டர் இல்லை, டி லென்சுக்குள்ளயும் இல்லை, கையாலதான் திருப்போணும். மோட்டர் உள்ளுக்க இருக்கிற ஏஎஃப்-எஸ் 1.8ஜி எடுங்கோ. பழசு எண்டா காசு குடுக்க முதல் போன் டோர்ச்சை லென்சுக்குள்ளால அடிச்சுப் பாருங்கோ, சிலந்தி வலை மாதிரி ஓடிக்கிடந்தா பங்கஸ் (பூஞ்சணம்), விட்டுட்டு வாங்கோ.

கேள்வி: 85 எம்எம் லென்ஸ் போட்டாத்தானே மூக்குப் பெருக்காது?

பதில்: மூக்குப் பெருக்கிறது லென்சால இல்லை, தூரத்தால. ஒரு முழத்தில நிண்டு எடுத்தா காதை விட மூக்கு நல்லாக் கிட்ட, பெரிசாத்தான் தெரியும். ஆறேழு அடி தள்ளி நில்லுங்கோ, அந்த வித்தியாசம் குறைஞ்சுபோம்.

கேள்வி: இல்லை அண்ணை, லென்ஸ்தான் முகத்தைத் தட்டையாக்குது எண்டு எல்லாரும் சொல்லுகினம்.

பதில்: எல்லாரும் சொல்லட்டும், நீங்கள் செய்து பாருங்கோ. விறாந்தையில ஒராளைக் கதிரையில இருத்தி, கமராவை ஸ்டாண்டில வைச்சு, முகம் நடுவில வர 18ல ஒண்டு 55ல ஒண்டு எடுங்கோ, கமராவை அசைக்கக்கூடாது. 18ல எடுத்ததில முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பிச்சுப் பக்கத்தில வையுங்கோ. தெளிவு குறையும், மூக்கும் காதும் அதே கணக்கிலதான் இருக்கும். 85 செய்யிற உதவி, முகத்தை நிரப்ப உங்களைத் தள்ளி நிக்க வைக்கிறது.

கேள்வி: அப்ப 1500டியில 85 போட்டா?

பதில்: 85ஐ 1.6ஆல பெருக்கினா 136 கணக்கு. வீட்டு அறைக்குள்ள உங்கட முதுகு சுவரில முட்டும். நல்லூர் வீதியிலயோ கசூரினாக் கரையிலயோ எண்டா அருமை. கரையில நிண்டு லென்ஸ் மாத்தாதேங்கோ, உப்புக்காத்தும் மணலும் உள்ள போனா முடிஞ்சுது.

கேள்வி: 50 1.8 நல்லதோ அண்ணை?

பதில்: முதல் பதிலைப் பாருங்கோ.

கேள்வி: ட்ரோன் எது நல்லம்?

பதில்: எனக்கு அதில பழக்கமில்லை.

கேள்வி: லென்ஸை அலுமாரியில வைக்கலாமோ?

பதில்: தோல் பைக்குள்ள போட்டு அலுமாரியில பூட்டி வையாதேங்கோ, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பங்கஸ் லேசா வந்து குந்தும். இறுக்கி மூடுற பிளாஸ்டிக் பெட்டி, உள்ள ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறுற சிலிக்கா ஜெல். அடிக்கடி வெளியில எடுத்துப் பாவியுங்கோ.

கேள்வி: 50ஓ 85ஓ?

பதில்: கமராவின்ர பேரைச் சொல்லாமக் கேட்டா என்னெண்டு சொல்லுறது? நிக்கன் எண்டா மோட்டரைப் பாத்து வாங்குங்கோ, பழசெண்டா டோர்ச் அடியுங்கோ.