மூன்று வரியும் பின்னேரத் திருப்தியும்

அன்புள்ள ஐயா,

கல்முனையில், நெல் ஆலைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. ஜாவாவை விட்டு கோ மொழிக்கு மாறிவிட்டோம். எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும், பிழை வந்ததா என்று பார்க்கும் அதே மூன்று வரியை எழுதவேண்டும். ஆனாலும் பின்னேரம் எழும்பும்போது நிறைய வேலை முடித்த திருப்தி. ஹாஸ்கெல் மொழியில் எழுதும் கூட்டாளி, "நீ டைப்பிஸ்ட் வேலை பார்க்கிறாய்" என்று நக்கலடிக்கிறான். என் திருப்தி பொய்யா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பாதி பொய். கூட்டாளியின் திருப்தியும் அப்படித்தான். யோசிக்கத் தேவையில்லாத வரிகளை அடிக்கும்போது கை நிற்பதில்லை. கை நிற்காவிட்டால் வேலை ஓடுவதாக மனம் கணக்குப் போடும். கூட்டாளிக்கு வருவது புதிர் அவிழ்த்த சந்தோஷம். ஆலைக்காரர் இரண்டுக்கும் காசு தருவதில்லை.

ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டிய நெல்லுக்கு எவ்வளவு கழிப்பது, பதருக்கு எவ்வளவு, முற்பணம் வாங்கிய போடியாருக்கு (பெரிய வயற்காரருக்கு) எப்படி என்பதெல்லாம் ஆலைக்கு ஆலை மாறும். மென்பொருள் அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1986இல் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: இந்தக் கணக்குகளைப் போல வேலையோடு பிறந்த சிக்கல் ஒன்று, கருவியால் வந்து சேர்ந்த சிக்கல் மற்றது. மொழியை மாற்றினால் இரண்டாவதுதான் குறையும். ஜாவாவில் திரும்பத் திரும்ப எழுதவேண்டியிருந்த கெட்டர், ஈக்குவல்ஸ், ஹாஷ்கோட் என்ற வழக்கமான ஃபங்ஷன்களின் சுமை அந்த வகை. 2021இல் ஜாவா 16 ரெக்கார்ட் என்ற சுருக்க வடிவை நிரந்தரமாகத் தந்ததும் அதில் பெரும்பகுதி ஒரு வரிக்குள் அடங்கியது. அதற்காக அழுதவர் எவருமில்லை.

உங்கள் மூன்று வரி கொஞ்சம் வேறு. கொள்வனவுச் சீட்டு சேமிக்கப்படாவிட்டால் என்ன செய்வது என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்கச் சொல்கிறது. கோ குழு பல யோசனைகளை அலசிவிட்டு, 2025இல் இதைச் சுருக்கி எழுதப் புதிய தொடரமைப்பு தேடுவதை நிறுத்திக்கொண்டது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பெரும்பாலான இடங்களில் பிழையை மேலே தள்ளிவிடுவதைத் தவிர நாம் ஒன்றும் செய்வதில்லை. ரஸ்ட் மொழியில் அதற்கு ஒரு கேள்விக்குறி போதும்.

ஆனால் ஒரே ஆலையின் ஈரக் கழிவுக் கணக்கு நாலைந்து ஃபைலில் கிடந்தால், அதற்கு மொழியைக் குறை சொல்லாதீர்கள். இன்றைக்கே ஒரு ஃபங்ஷனாக்குங்கள். இரண்டு ஆலைகளின் கணக்கு ஒரேமாதிரித் தெரிகிறதென்று சேர்ப்பது வேறு கதை. பெரும்போக அறுவடைக்கு ஒருவர் விதியை மாற்றுவார், நீங்கள் அவருக்கென ஒரு ஃபிளாக் (ஆம்-இல்லை சுவிட்ச்) சேர்ப்பீர்கள், மற்றவருக்கு இன்னொன்று. மூன்றாவது ஆலை வரும்வரை நானென்றால் நகலெடுத்தே வைத்திருப்பேன். கூட்டாளி சிரித்தால் சிரிக்கட்டும்.