பலாலி–சென்னை: தூரம் ஒன்று, நேரம் ஏன் இரண்டு?

கேள்வி: மாங்குளத்தில் வசிக்கிறேன். பலாலியிலிருந்து சென்னைக்கு 356 கி.மீ., பறப்பு நேரம் 57 நிமிடம் என்று ஓர் இணையத்தளம் காட்டுகிறது. பயணச்சீட்டிலோ ஒன்றேகால் மணித்தியாலம் என்றிருக்கிறது. அம்மாவை ஜனவரியில் இலண்டனுக்கு அனுப்பவிருக்கிறோம். அவருடைய சீட்டில் கட்டுநாயக்காவில் பிற்பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு மாலை 6.30 மணிக்கு இலண்டனில் இறங்குவதாக உள்ளது. ஐந்தரை மணித்தியாலத்தில் அங்கே போய்விட முடியுமா?

பதில்: தூரத்தைப் பொறுத்தவரை இணையத்தளம் சொல்வது சரியே, அதை நீங்களே சரிபார்க்கலாம். இரண்டு விமான நிலையங்களும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டி, ஏறத்தாழ ஒன்றுக்கொன்று நேர் வடக்குத் தெற்காக இருக்கின்றன. சென்னையின் அகலக்கோடு 12.99 பாகை, பலாலியினது 9.79 பாகை. வித்தியாசமான 3.20 பாகையை, பாகைக்கு 60 கடல் மைல் வீதம் பெருக்கினால் 192 கடல் மைல் வரும்; ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆகையால் அது ஏறக்குறைய 356 கி.மீ. ஆகும். கிழக்கு மேற்காகவும் விலகியுள்ள ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி பொருந்தாது. அவற்றுக்குக் கூகிள் ஏர்த்தின் அளவுகோல், பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து, மிகக் குறுகிய பாதையான பெருவட்டத்தின் வழியே அளந்து தரும். தட்டையான வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிழை நேரக் கணக்கில்தான் இருக்கிறது. இத்தகைய தளங்கள் பல, எல்லா விமானமும் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொண்டு, ஏறி இறங்குவதற்கென அரை மணித்தியாலத்தைக் கூட்டிவிடுகின்றன. உங்கள் 57 நிமிடம் அப்படி வந்ததே. சென்னையிலிருந்து பலாலிக்கு வருவது ஏ.டி.ஆர். 72 என்ற சுழல்விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். அந்த வேகத்தில் 356 கி.மீ. கடக்க 43 நிமிடம் வேண்டும். அரை மணித்தியாலத்தைச் சேர்த்தால் சீட்டில் உள்ள ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறீர்கள். சீட்டிலுள்ள நேரம் விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் தரிப்பிடத்தில் நிற்பது வரையிலானது என்பதால், திட்டமிடுவதற்கு அதையே நம்புங்கள்.

இலண்டன் சீட்டில் இரு நேரங்களும் அந்தந்த ஊர் நேரங்கள். இலங்கை நேரம், இலண்டனில் குளிர்காலத்தில் பின்பற்றப்படும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே ஜனவரியில் மாலை 6.30 என்பது நமக்கு நள்ளிரவு 12.00 மணி, பயணம் பதினொரு மணித்தியாலம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைப்பதால், அக்காலத்தில் நாலரையைத்தான் கூட்ட வேண்டும். திரும்பி வரும்போது, இங்கே இறங்கும் நேரத்திலிருந்து அதே அளவைக் கழியுங்கள்.

திரும்பும் பயணம் பெரும்பாலும் சற்றுக் குறுகியதாக இருக்கும். உயர வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வலுவான காற்று பின்னின்று தள்ளுவதே காரணம். போகும்போது அதே காற்று எதிர்க்கிறது. போர் நடக்கும் வான்பரப்புகளைச் சுற்றிப் போக நேர்ந்தால் நேரம் இன்னும் கூடும். இடையில் விமானம் மாறுவதாயின், காத்திருக்கும் நேரத்தையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.