வட்டமடிக்கும் கூட்ஸ் வண்டிக்கு ஒரு வேலை கொடுப்பது எப்படி?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கிறேன் ஐயா. மாடி அறையில் 8க்கு 4 அடி பிளைவுட் மேசையில் ஹெச்.ஓ. அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) மாடல் ரயில் போட்டிருக்கிறேன். ஒரு வட்டப் பாதை, அதிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் ஒரு லூப் லைன், ஒரு முனை மூடிய பக்கப் பாதையாக இரண்டு சைடிங், ஒரு டீசல் இன்ஜின், 14 வேகன். ஓட்ட ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் சலித்துவிடுகிறது. நிஜ கூட்ஸ் வண்டி மாதிரி ஓட்ட வழி உண்டா? கம்ப்யூட்டர் கன்ட்ரோல், மென்பொருள், இன்னும் 20 வேகன் எல்லாம் வாங்கினால்தான் முடியும் என்று ஒரு விற்பனையாளர் 65,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தக் காகிதத்தைத் திருப்பிப் போடுங்கள், பின்பக்கம் நமக்கு உதவும்.

உங்களிடம் சாமான் குறைவாக இல்லை. உங்கள் 14 வேகனில் ஒன்றுக்காவது போக ஓர் ஊர் இல்லை, அதுதான் குறை. நான் கூட்ஸ் வண்டியில் கார்டாக 31 வருஷம் உட்கார்ந்து வந்தவன். (2022இல் அந்த வேலைக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் பெரிதானது, பச்சைக் கொடி அதேதான்.) அத்தனை வருஷத்தில் ‘வண்டி எங்கே போகிறது’ என்று என்னிடம் கேட்டவர்கள் குறைவு. ‘என் வேகன் எங்கே?’ என்றுதான் எல்லா ஊர் வியாபாரியும் கேட்டார்கள். மேசையிலும் அப்படியே யோசியுங்கள். ஊருக்குப் போவது வேகன். வண்டி அதைச் சுமந்து போகிற ஏற்பாடு, அவ்வளவுதான்.

முதலில் காலத்தைத் தீர்மானியுங்கள். இன்றைய கூட்ஸ் வண்டியை உங்கள் மேசையில் ஓட்ட முடியாது. பாக்ஸ்-என் என்கிற திறந்த வேகன் 58 கோத்த ஒரு ரேக், அதாவது முழுத் தொடர், கிட்டத்தட்ட 620 மீட்டர் வரும். 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 7 மீட்டருக்கு மேல், அதாவது 23 அடி. உங்கள் மேசையே 8 அடி. இடம் கிடைத்தாலும் அதில் ஒன்றும் நடக்காது. முழு ரேக்கும் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கும், நடுவில் யாரும் எதையும் கழற்றுவதில்லை. ஒரு வேகன் உப்போ ஒரு வேகன் கரியோ அனுப்புகிற சின்ன வியாபாரி வேண்டாம், முழு ரேக் கொண்டுவா என்று 1980களிலிருந்து ரயில்வே சொல்ல ஆரம்பித்தது. அவரும் சரி என்று லாரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. பிறகு சரக்கு குறைந்துவிட்டது என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். இதைச் சொன்னால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், விடுங்கள்.

எனவே 1970களின் மீட்டர் கேஜ் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் லைன் 2007 வரை மீட்டர் கேஜ்தான். உங்கள் டீசலை ஒய்.டி.எம்.4 என்கிற மீட்டர் கேஜ் இன்ஜின் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஹெச்.ஓ. கணக்கில் அது நம் மீட்டர் கேஜும் இல்லை, அகலப் பாதையும் இல்லை. மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. தெரிகிறது என்பவரை நான்கடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இப்போது ஊர் வைப்போம். ஒரு சைடிங் ராமநாதபுரம் கூட்ஸ் ஷெட், இன்னொன்று ராமேஸ்வரம். லூப் லைன் மண்டபம். பாலத்தில் ஏறுவதற்கு முன் வண்டி நிற்கிற இடம், உங்கள் சொந்த ஊரும் கூட. மேசையின் பின்பக்கப் பாதை பாம்பன் பாலம். பாக்கி உலகத்துக்கெல்லாம் சேர்த்து மானாமதுரை. அதற்கு ஓர் அடி அகலத்தில் மூன்றடிப் பலகை வெட்டி, அதன் மேல் இரண்டு துண்டுத் தண்டவாளம் பதித்து, மேசை ஓரத்தில் ஒரு பாதையோடு சேர்த்துவிடுங்கள். சிமென்ட் எங்கிருந்து வந்தாலும் மானாமதுரையிலிருந்துதான் வருகிறது. கரி எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் மானாமதுரைக்குத்தான் போகிறது. பலகையில் போய் நின்ற வண்டியைக் கையால் எடுத்து வேறு வேகன் மாற்றி வைக்கலாம், அது தப்பில்லை. மேசைக்குள் மட்டும் வேகனைக் கையால் தூக்கக்கூடாது.

அடுத்தது சீட்டு. அமெரிக்காவில் மாடல் ரயில்காரர்கள் 1960களிலிருந்து இப்படித்தான் ஓட்டுகிறார்கள். நிஜ வேகனுக்கு லேபிள் இருந்த மாதிரி, ஒவ்வொரு மாடல் வேகனுக்கும் ஓர் அட்டை. அட்டையில் வேகன் நம்பர், வகை. கீழே ஒரு சின்னப் பை ஒட்டி, அதில் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டை இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக நான்கு தடவை எழுதலாம். என் வீட்டில் 22 வேகனுக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான். என்னுடைய 3347ஆம் நம்பர் மூடி வேகனின் அட்டையைத் திருப்பினால் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று இருக்கும். அதன் சீட்டில் இருப்பது இதுதான்: முதல் தடவை, மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு சிமென்ட். இரண்டாவது, ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குக் காலி. மூன்றாவது, ராமநாதபுரத்திலிருந்து மானாமதுரைக்கு மிளகாய் வற்றல். நான்காவது, மானாமதுரையில் ஓய்வு. ஒரு நாள் ஓட்டி முடித்ததும் போய்ச் சேர்ந்த வேகன்களின் சீட்டை மட்டும் அடுத்த பக்கத்துக்குத் திருப்பி வைப்பேன். மறுநாள் வந்து பார்த்தால் புது வேலை காத்திருக்கும். 65,000 ரூபாய் மென்பொருள் செய்வதும் இதைத்தான். அதற்கு மின்சாரம் வேறு வேண்டும்.

சீட்டு எழுத நம் பக்கத்துச் சரக்குக்கா பஞ்சம்? ராமநாதபுரத்தில் வாலிநோக்கம் உப்பு, கருவேலங்கரி, குண்டு மிளகாய், கருப்பட்டி. ராமேஸ்வரத்தில் தேங்காய், கருவாடு. உள்ளே வருவது அரிசி, சிமென்ட், மண்ணெண்ணெய், உரம். ஏறுவதையும் இறங்குவதையும் சமமாக்க மெனக்கெடாதீர்கள். ஒரு பக்கம் காலியாக ஓடுவதுதான் ரயில்வே.

ஒரே ஒரு விதிவிலக்கு, மீன். இதை எழுதாமல் விட்டால் அடுத்த வாரம் நீங்களே கேட்பீர்கள். பச்சை மீன் சீட்டுக்குக் கட்டுப்படாது. ஐஸ் போட்ட பெட்டி யார்டில் ஒரு ராத்திரி காத்திருந்தால் காலையில் ஸ்டேஷன் மாஸ்டரே ஊரைவிட்டு ஓடுவார். அதனால் மீன் பார்சலாகப் பயணிகள் வண்டியில் போகும், கூட்ஸில் போகாது. உங்களிடம் பயணிகள் பெட்டி இல்லை என்றால் ஒரு மூடி வேகனை ‘மீன்’ என்று ஒதுக்கி, இன்ஜினுக்கு அடுத்ததாகவே மாட்டி, வழியில் வேறு ஷன்டிங் (வேகனைக் கழற்றி மாட்டி இடம் மாற்றும் வேலை) செய்யாமல் நேரே மானாமதுரைக்குக் கொண்டுபோங்கள். மற்ற வேகன்கள் லூப்பில் ஒதுங்கி நிற்கட்டும். ஆனால் கருவாடு மீன் இல்லை. கருவாடு சாதாரணச் சரக்கு, சீட்டில் போகலாம், மூன்று நாள் நின்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை, பக்கத்து வேகன்காரரைத் தவிர. அப்புறம், கருவாடு இறக்கிய வேகனுக்கு அடுத்த சீட்டில் சர்க்கரையோ அரிசியோ எழுதாதீர்கள், காலி என்று எழுதுங்கள். திரும்பி வருகிற காலி மீன் கூடைகளும் பார்சலா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பார்சல்தான். ஆனால் அதற்கு அவசரமில்லை, கடைசியில் மாட்டலாம்.

சரி, ஷன்டிங். உங்கள் 14 வேகனில் 6ஐ இன்றே அலமாரியில் வையுங்கள். சைடிங் நிரம்பி வழிந்தால் எதையும் நகர்த்த முடியாது. இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் போட்ட ‘இங்கிள்நுக்’ என்ற சின்ன அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். மூன்று சைடிங், ஒன்றில் 5 வேகனும் மற்ற இரண்டில் மும்மூன்றும் நிற்கும். ஆக 11 இடம், ஆனால் வேகன் 8தான். இன்ஜின் ஒரு தடவைக்கு 3 வேகன் மட்டும் இழுக்கலாம். எட்டில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, அதே வரிசையில் வண்டியாகக் கோக்க வேண்டும். 6,720 விதமாக வரும். ஒரு ஆயுளுக்குப் போதும். காலியாக விட்ட அந்த இடம்தான் விளையாட்டு.

உங்கள் மேசையில் அது எப்படி வரும் என்று பாருங்கள். ராமநாதபுரம் சைடிங்கில் வாசலிலிருந்து உள்ளே ஒரு காலி, ஒரு கரி, ஒரு உப்பு நிற்கின்றன. இன்று கிளம்ப வேண்டியது உப்பு, அது கடைசியில் இருக்கிறது. மூன்றையும் இழுத்து வெளியே வா, உப்பை லூப்பில் கழற்றி விடு, மற்ற இரண்டையும் திரும்பத் தள்ளி உள்ளே வை, பிறகு வந்து உப்பைப் பிடி. ஒரு வேகனுக்கு இத்தனை அசைவு. அதையும் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் செய்ய வேண்டும், நிஜ ஷன்டிங் வேகம் அதுதான். உங்கள் அளவில் அது நொடிக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. மேசையின் 8 அடியைக் கடக்க கிட்டத்தட்ட 50 நொடி ஆகும். இப்போது எத்தனை நொடியில் கடக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள், சலிப்பு ஏன் வந்தது என்று புரியும்.

இன்ஜின் வண்டியின் அடுத்த முனைக்குப் போக வேண்டுமானால் லூப் வழியாகத்தான் சுற்ற வேண்டும். வட்டப் பாதை முழுக்க ஒரு ரவுண்டு வந்து பின்னால் சேர்வது கள்ளாட்டம். பாம்பனிலிருந்து மானாமதுரைக்குக் கடல் வழியே லைன் போட்ட கதை ஆகிவிடும். கடைசியில் பிரேக் வேன் மாட்ட மறக்காதீர்கள். எத்தனை ஷன்டிங் ஆனாலும் அது திரும்ப வாலுக்கு வர வேண்டும். நான் உட்கார்ந்திருந்த வண்டி அது, என்னை நடுவில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள்.

இனி அந்த விற்பனையாளர். அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வகை ஆட்களை நன்றாகத் தெரியும். ஒருவரிடம் நான் மீட்டர் கேஜ் வேகன் என்று ஆறுக்கு முன்பணம் கட்டி ஏழு மாதம் காத்திருந்தேன். வந்தது பிரிட்டிஷ் ஓ.ஓ. வேகன், பக்கவாட்டில் நம் ரயில்வே ஸ்டிக்கர். ஓ.ஓ. என்பது 76இல் ஒரு பங்கு, ஹெச்.ஓ. 87இல் ஒரு பங்கு. இரண்டும் ஒரே 16.5 தண்டவாளத்தில் ஓடும் என்பதால் ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்பார்கள். பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். கொக்கியும் வேறு: பிரிட்டிஷ் கொக்கியும் அமெரிக்க நக்கிள் கொக்கியும் ஒன்றோடொன்று சேராது. புது வேகன் வாங்கத்தான் வேண்டும் என்றால் அளவையும் கொக்கியையும் பில்லில் எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் எழுந்து வாருங்கள். நக்கிள் வகையானால் கழற்ற ஒரு மூங்கில் குச்சி போதும், இரண்டு கொக்கிக்கும் நடுவில் விட்டுத் திருகினால் விடும். அதற்கும் ரிமோட் விற்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைக்கலாமே என்பீர்கள். பொம்மைக்கான இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. நம் வேகனும் அந்தப் பொம்மைப் பட்டியலில்தான். என் பார்சலைப் பிரித்த அலுவலர் ‘குழந்தைக்கா?’ என்றார். எனக்கு அப்போது 63 வயது. ‘வரி எல்லாம் நாங்களே கட்டிவிட்டோம்’ என்று சொல்லி விற்கிற இடைத்தரகர் ரசீது காட்ட மாட்டார். காட்டாவிட்டால் வாசலில் தபால்காரர் அந்த வரியை இன்னொரு தடவை கேட்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசு செலவழிக்க ஆசையாக இருந்தால் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கால் கிலோ வாங்குங்கள், உங்கள் ஊரிலேயே கிடைக்கும். லேசான வேகன் பின்னால் தள்ளும்போது பாதை பிரிகிற பாயின்ட்டில் தடம் புரளும். அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்குப்படி வேகனுக்கு 28 கிராம், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 14 கிராம். ஆறங்குல வேகன் என்றால் சுமார் 113 கிராம். மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, குறைகிற அளவுக்கு ஈயத்தை உள்ளே பசை போட்டு ஒட்டி மூடிவிடுங்கள். கையைக் கழுவுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

வண்டி பாலத்தில் ஏறும் முன் ஒரு பகடை உருட்டுங்கள். ஆறு விழுந்தால் காற்று. பழைய பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை விட்டதில்லை. மண்டபத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள், டீ குடியுங்கள். ஒன்று விழுந்தால் கப்பல் வருகிறது, தூக்குப் பாலத்தைக் கையால் சுற்றித் திறக்கிறார்கள், ஐந்து நிமிஷம்.

உங்கள் மாடி ஜன்னல் கடலைப் பார்த்தது என்றால் ஓட்டி முடித்ததும் மேசையைத் துணியால் மூடுங்கள். உப்புக் காற்றில் பித்தளைத் தண்டவாளம் ஒரே வாரத்தில் கறுத்துவிடும், நிக்கல் சில்வர் தாங்கும், ஆனாலும் துடைக்க வேண்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணி போதும், பக்கத்தில் தீ இருக்கக்கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தக் கீறலில்தான் அடுத்த அழுக்கு உட்காரும். இன்ஜின் விக்கி விக்கி ஓடினால் முதலில் இதைச் செய்யுங்கள், அந்த விற்பனையாளருக்குப் போன் போடாதீர்கள்.