எழுதித் தரச் சொல்லுங்கள், தங்கச்சி

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 24 வயது. மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். நாங்கள் இருந்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியதால் அங்கே இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருடமாக மாமா வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், காலம் போகிறது. புது வீட்டுப் பட்டியலில் எங்கள் பெயர் இருப்பதாக முதலில் சொன்னார்கள். இப்போது இல்லை என்கிறார்கள். பெயரைத் திரும்பப் போட 15,000 ரூபாய் வேண்டும் என்று பட்டியல் போடும் அலுவலகத்தில் ஒருவர் கேட்கிறார். அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம், "காசு இல்லாட்டி தனியா வந்து கதைங்க, பார்ப்போம்" என்றார். அப்பா உயிரோடு இருந்தபோது என் பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த 3,000 கொடுத்துத்தான் காரியம் முடிந்தது. தம்பி அந்த ஆளின் படத்தை ஃபேஸ்புக்கில் போடப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அம்மா, "வேணாம், இருக்கிறதும் போயிரும்" என்று அழுகிறார். டிவியைப் போட்டால் பெரிய பெரிய ஆட்கள் கைதாகிறார்கள், பிறகு பிணையில் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள். இந்த நாட்டில் யாரையாவது கேள்வி கேட்க முடியுமா அக்கா? நான் என்ன செய்ய?

பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்:

தங்கச்சி,

கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். "தனியா வந்து கதைங்க." இனி எந்தக் காரணத்துக்காகவும் அந்த ஆளைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். அவர் போன் எடுத்துக் கூப்பிட்டாலும், பட்டியல் இன்றைக்கே மூடப்படுகிறது என்று சொன்னாலும் போகாதீர்கள்.

அவர் கேட்டதற்குச் சட்டத்தில் இப்போது பெயர் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைக் குற்றமாகவே எழுதி வைத்திருக்கிறது. அரச காரியம் ஒன்றைச் செய்து கொடுக்க ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்பது, காசு கேட்பதைப் போலவே இலஞ்சம் கேட்பதுதான். நம் தோட்டங்களில் எத்தனை பெண்கள் இதை விழுங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து "ஆபீஸ்ல ஆள் இல்ல" என்று பொய் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் என் நெஞ்சு பதறுகிறது. நீங்கள் எழுதினீர்கள். அது பெரிய காரியம். அவர் சொன்ன சொல், நாள், நேரம், அறையில் வேறு யார் இருந்தார்கள், அம்மா எந்த வாசலில் நின்றார் என்பதையெல்லாம் இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். குறுஞ்செய்தி ஏதும் வந்திருந்தால் அழிக்க வேண்டாம். நாள் போகப் போக நினைவு கலங்கும், கொப்பியில் எழுதியது கலங்காது.

அடுத்தது 15,000. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் அம்மா 11 நாளுக்கு மேல், ஒரு அரைப்பேர்கூட (அரைநாள் சம்பளம்) விழாமல், மலையேறிக் கொழுந்து எடுத்தால்தான் அந்தக் காசு சேரும். நாம் இதற்கு எத்தனை பெயர் வைத்திருக்கிறோம்! சந்தோஷம் கொடுத்தேன், டீக்காசு கொடுத்தேன், கொஞ்சம் கவனித்துவிட்டேன் என்கிறோம். இந்தச் சொற்களை வீட்டிலே கூடச் சொல்லாதீர்கள். இலஞ்சம் என்றே சொல்லுங்கள்.

காசு கொடுக்கு முன்னால் 1954 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவின் இலக்கம் அது. "கொடுக்கு முன்னால்" என்பது முக்கியம். இன்னும் கைமாறாத காசு என்றால், அவர்களுடைய அதிகாரிகள் வந்து, அடையாளமிட்ட நோட்டுகளோடு ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியும். இலஞ்சம் வாங்கும்போது உத்தியோகத்தர் கைது என்று பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோமே, பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. உங்களைப் போல யாரோ ஒருவர் முதலில் அழைத்திருப்பார். தகவல் கொடுப்பவரையும் சாட்சியையும் பாதுகாக்கும் ஏற்பாடுகள் அதே 2023 சட்டத்தில் இருக்கின்றன. அழைக்கும்போதே உங்கள் பாதுகாப்பைப் பற்றியும் கேளுங்கள். "தனியா வாங்க" என்றதையும் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

அப்பா கொடுத்த 3,000 பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் பார்வையில் வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். அப்பா கெட்டவர் என்று அதற்கு அர்த்தம் இல்லை. என் அப்பாவும் கொடுத்தார். என் பெயரையே பதிவில் பிழையாக எழுதிவிட்டு, அந்தப் பிழையைத் திருத்த எங்களிடமே காசு கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமே என்று அப்பா கடன் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு வேறு வழி இருப்பதாக யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தம்பியிடம் சொல்லுங்கள், ஃபேஸ்புக்கில் போட வேண்டாம் என்று. அவன் கோபம் நியாயமானது. ஆனால் படம் வெளியே வந்த நிமிடமே அந்த ஆள் உஷாராகிவிடுவார், பிறகு எந்த அதிகாரி வந்தும் பிடிக்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. தெரிந்துகொண்டே பொய்க் குற்றம் சாட்டுவதும் இந்தச் சட்டத்தில் தண்டனைக்குரியது. நீங்கள் சொல்வது உண்மை, அதனால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பதிவின் கீழே நூறு பேர் வந்து, அதே அலுவலகத்தில் நேர்மையாக வேலை செய்கிற ஆளையும் சேர்த்துத் திட்டுவார்கள். அங்கே அப்படி ஒருவராவது இருப்பார், உங்களுக்கு அவர் தேவைப்படுவார்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயம். அந்த ஆள் கைதானாலும் உங்கள் பெயர் தானாகப் பட்டியலுக்குத் திரும்பி வராது. பெயர் எப்போது இருந்தது, எப்போது எடுபட்டது, யார் கையெழுத்தில் எடுபட்டது? இதைக் கேட்க உங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பட்டியலைத் தயாரித்த அலுவலகத்தில் தகவல் உத்தியோகத்தர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. அம்மா போல எழுத முடியாதவர்கள் வாயால் கேட்டாலும் அதை அவரே எழுதி எடுக்க வேண்டும் என்கிறது சட்டம்.

மற்றவர்களின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாம் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். அதனால் கேள்வியைக் கூர்மையாக வையுங்கள். வீடு கொடுக்க என்ன தகுதி பார்த்தார்கள், அந்தச் சுற்றறிக்கையின் பிரதி, எங்கள் குடும்பத்தின் கோவையில் (ஃபைலில்) உள்ள கடிதங்களின் பிரதி, மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் லயத்துக்குக் கொடுத்த அறிக்கை, பட்டியல் அங்கீகரிக்கப்பட்ட திகதி, திருத்தப்பட்டிருந்தால் திருத்திய திகதியும் காரணமும். இவ்வளவு போதும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோம் அல்லது தரமாட்டோம் என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ வாய் திறக்காமல் இருந்தாலோ, அதே நிறுவனத்தின் மேலதிகாரிக்கு மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

இந்தச் சட்டம் "பிரஜை" ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. அந்தச் சொல்லை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கடதாசிகளைப் பூட்டி வைத்த பாட்டியின் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வரும். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது மலையகத் தமிழரான நம் ஆட்கள் ஒரே அடியில் நாடற்றவர்களானார்கள், அடுத்த ஆண்டு வாக்கும் போனது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பிரித்தார்கள். எஞ்சியவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003இல்கூட ஒரு சட்டம் தேவைப்பட்டது. அந்தக் காலம் முழுவதும் ஒரு துண்டுக் கடதாசிக்காக ஒரு மேசைக்கு முன்னால் கைகட்டி நின்ற சனம் நாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் முகம் சுளித்தால் கப்பல் ஏற வேண்டிவருமோ என்ற பயம். தோட்டத்துத் துரையிடம் போகத் தலைவர், அரச அலுவலகமான கச்சேரிக்குப் போக இன்னொருவர் என்று ஆள் பிடித்தே பழகினோம். நமக்குச் சேர வேண்டியதை வாங்கிவிட்டு "ஐயா உதவி பண்ணினார்" என்று கும்பிட்டோம். உங்கள் அம்மாவின் அழுகையில் அந்தப் பயம் இருக்கிறது. அதைக் கோழைத்தனம் என்று தம்பி பேசினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

பெரிய ஆட்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிணை என்பது விடுதலை இல்லை. வழக்கு முடியும்வரை வெளியில் இருக்கலாம், அவ்வளவுதான். கண்டி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போய், விளையாட்டுத்துறை அமைச்சராகவும் இருந்த மகிந்தானந்த அளுத்கமகேயை நினைத்துப் பாருங்கள். 2015 ஜனாதிபதித் தேர்தலை ஒட்டி 14,000 கெரம் பலகைகளும் 11,000 தாம் விளையாட்டுப் பலகைகளும் அரச விற்பனை நிறுவனமான சதொச ஊடாக இறக்குமதி செய்த விவகாரம் அது. 2025 மே 29 அன்று கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டும், அந்நாளில் சதொச தலைவராக இருந்த நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டும் சிறை விதித்தது. மேன்முறையீடு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு. பத்து வருடம் எடுத்தது, அது அதிகம்தான், எனக்கும் அந்தத் தாமதம் கசக்கிறது. ஆனாலும் கடதாசிகள் இல்லாமல் இப்படி ஒரு தீர்ப்பு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

2023 நவம்பர் 14ஆம் திகதித் தீர்ப்பு இன்னும் முக்கியமானது. நாட்டின் பொருளாதாரம் சரிந்ததற்கு கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கி, திறைசேரி உயரதிகாரிகள் சிலரும் பொறுப்பு என்றும், மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்றும் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது. யாரும் சிறைக்குப் போகவில்லை. வழக்குப் போட்டவர்களுக்குச் செலவுத் தொகை மட்டும் கிடைத்தது. போதாது என்று நானும் நினைத்தேன். ஆனால் அந்தத் தீர்ப்பு நின்ற இடம் அரசியலமைப்பின் 12(1), சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற உறுப்புரை. காரணம் சொல்லாமல் பட்டியலிலிருந்து தூக்கப்பட்ட ஒரு கொழுந்துக்காரியின் மகளும் காட்டக்கூடியது அதே 12(1)தான்.

அதற்கு ஒரு காலக்கெடு இருக்கிறது, கவனம். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அவர்களின் இலக்கம் 1996. பட்டியலில் பெயர் இல்லை என்று உங்களுக்கு எந்தத் திகதியில் சொன்னார்கள்? கடிதத்தில் அது இல்லை. இன்றைக்கே எண்ணிப் பாருங்கள், ஒரு மாதம் ஆகாவிட்டால் நாளைக்கே அழையுங்கள். ஆகிவிட்டிருந்தாலும் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

பொறுப்புக்கூறல் என்றால் இலஞ்சம் வாங்கியவரைப் பிடிப்பது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மாற்று இடம் எங்கே, யார் கொடுப்பது என்பது இழுபட்டுக்கொண்டே இருந்தது. அங்கே யாரும் காசு வாங்கத் தேவையிருக்கவில்லை, ஒரு கடதாசி ஒரு மேசையில் அசையாமல் கிடந்ததே போதுமாக இருந்தது. மண் இறங்கிய லயத்திலிருந்து வந்த குடும்பம் நீங்கள். உங்கள் கடதாசி எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். இருக்கிறதும் போய்விடும் என்கிறார். இஸ்தோப்பைத் தவிர என்ன இருக்கிறது என்று எதிர்த்துப் பேசாதீர்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொப்பியில் எழுதியதைக் காட்டுங்கள். விண்ணப்பம் கொடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் அதே லயத்திலிருந்து இடம்பெயர்ந்த இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பெயரைச் சுலபமாக அழிக்கலாம், ஒரே நாளில் நான்கு குடும்பம் பற்றுச்சீட்டு வாங்கினால் யோசிப்பார்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தச் சீட்டைக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள்.

தம்பிக்கும் ஒரு வேலை கொடுங்கள். கையெழுத்து நன்றாக இருந்தால் விண்ணப்பத்தை அவனே எழுதட்டும், எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை மாமா வீட்டில் வைக்காமல் வேறு இடத்தில் வைக்கட்டும்.

14 வேலை நாள் முடிந்ததும், என்ன பதில் வந்தாலும் வராவிட்டாலும், எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மேன்முறையீட்டை நாம் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
அக்கா