மகன் விளையாடும் கேமில் சிவா என்ற பெயரில் ஒரு பெண் வருகிறாள். நிறுத்தச் சொல்லலாமா?

என் பெரியம்மாவும் இதையேதான் கேட்டார். உங்கள் மகன் விளையாடுவது அநேகமாக ஃபைனல் ஃபேன்டஸி என்ற ஜப்பானிய கேம் தொடராக இருக்கும். அதில் சிவா என்ற பனித்தேவதை 1990இல் வந்த மூன்றாம் பாகத்திலிருந்தே உண்டு. ஜப்பான்காரர்கள் அரபுக் கதையிலிருந்து இஃப்ரித், வட ஐரோப்பாவிலிருந்து ஓடின் என்று கண்ட இடத்தில் பெயர் எடுத்தவர்கள். ஈசனுக்கும் இவளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பள்ளி நாட்களில், கோலாலம்பூர் செந்தூல் வீட்டில், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய கள்ள டிஸ்கில் பத்தாம் பாகம் விளையாடிக்கொண்டிருந்தேன். நீல உடம்பு, பேருக்குத் துணி. வந்தவள் விரலைச் சொடுக்கினாள், பனியில் உறைந்த எதிரி சுக்குநூறானான். பின்னால் பூத் தொடுத்துக்கொண்டிருந்த பெரியம்மா, "யாருடா இவ?" என்றார். "சிவா, பெரியம்மா." அவ்வளவுதான். தைப்பூச விரதம் முடியும்வரை பிளேஸ்டேஷன் அலமாரிக்குள் போய்விட்டது.

பெயரில் ஒன்றுமில்லை, சமயம் அந்தப் பத்தாம் பாகத்தின் கதைக்குள் இருக்கிறது. யூனா என்ற பெண் கோயில் கோயிலாக யாத்திரை போகிறாள். உள்ளறைக்குள் அவள் மட்டுமே போகலாம், காவலுக்கு வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும். முதல் கோயிலிலேயே கதாநாயகன் தடையை மீறிச் சோதனை மண்டபத்துக்குள் ஓட, பூசாரி பதறுகிறார். கூட விளையாடிய சீன நண்பன், "போனால் என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கருவறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தே வளர்ந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உடனே, "நம் கோயிலைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்கிறாயா?" என்று வரிந்துகட்டிக்கொண்டு வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நாத்திகனும் இல்லை, பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பவன்தான்.

எல்லை மீறும் கேம்களும் உண்டு. இயேசுவும் புத்தரும் அடித்துக்கொள்ளும் 'ஃபைட் ஆஃப் காட்ஸ்' கேமுக்காக 2017 செப்டம்பரில் மலேசியாவில் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தையே முடக்கினார்கள். அந்தக் கேமை இங்கே நீக்கிய பிறகுதான் தளம் திரும்பியது. அப்போது எங்கள் வட்டாரக் கோயில் தலைவர் ஒருவர், கேம் விளையாடும் பிள்ளைகளால் சமயமே கெடுகிறது என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். இதே மனிதர்தான் எம்சிஓ என்ற கோவிட் ஊரடங்குக் காலத்தில் நின்றுபோன என் தங்கை கல்யாணத்துக்குக் கட்டிய மண்டப முன்பணத்தை இன்றுவரை திருப்பித் தரவில்லை. கேட்டால், "சாமி காசு தம்பி" என்கிறார். யூனாவின் கதையிலும் கோயில் தலைவர்கள்தான் பொய்யர்கள். சரி, அதை விடுங்கள்.

மகனைத் திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள். நம் தெய்வங்கள் நேராகவே வர வேண்டுமென்றால், புனேயில் உருவாகி 2020இல் வந்த 'ராஜி' என்ற கேம் இருக்கிறது. துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்ல, ஒரு சிறுமி திரிசூலத்தோடு தம்பியைத் தேடிப் போகிறாள். சீக்கிரம் முடிந்துவிடும், பள்ளி விடுமுறைக்குச் சரியாக இருக்கும்.