பூப் பார்க்க நியூவுட்வில் போகலாமா?

கேள்வி: ஆகஸ்ட் இறுதியில் குடும்பத்துடன் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குச் செல்கிறோம். காட்டுப்பூக்களுக்குப் பெயர்பெற்ற நியூவுட்வில் என்னும் சிற்றூருக்கு ஒரே நாளில் போய்த் திரும்பிவிட முடியுமா? (வாசகி ஒருவர், திருச்சி)

பதில்: போய்த் திரும்ப முடியும், பூக்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள் என்று சொல்லத்தான் முடியாது. கேப் டவுனிலிருந்து வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், வட கேப் மாகாணத்தில், வான்ரைன்ஸ் கணவாய் வழியாக ஏறிச் சேரும் மேட்டுநிலத்தில் இவ்வூர் இருக்கிறது. போக நான்கு மணி நேரத்துக்கு மேல், வர அதே நேரம். எஞ்சும் சில மணி நேரத்தில் வானம் மூடியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது பச்சை வயல்கள் மட்டுமே.

காரணம் இதுதான்: அங்குள்ள சாமந்திக் குடும்பப் பூக்களில் பெரும்பாலானவை வெயிலும் வெதுவெதுப்பும் இருந்தால்தான் விரியும். காலை பத்தரை மணியளவில் மெல்லத் திறந்து, பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்குள் மூடிக்கொள்ளும். மழையோ குளிர்காற்றோ வந்தால் அன்று முழுவதும் திறக்காமலே இருந்துவிடும். மகரந்தம் நனையாமல் காப்பதற்கும், பூச்சிகள் பறக்கும் பொழுதில் மட்டும் கடை விரிப்பதற்கும் அவை கண்ட ஏற்பாடு இது. ஆகவே அங்கே இரண்டு இரவாவது தங்குங்கள் என்பதே என் உறுதியான யோசனை. ஒரு நாள் மேகம் கெடுத்தாலும் மறுநாள் கைகொடுக்கும். தங்குமிடங்கள் குறைவு என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெகுதொலைவில் இருப்பதால் அங்கே நண்பகல் சூரியன் வடக்கு வானில் இருக்கும். பூக்களும் அந்தப் பக்கமே முகம் திருப்பியிருக்கும். நீங்கள் வடக்கு நோக்கிக் காரை ஓட்டினால் அவற்றின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றாலோ நடந்தாலோதான் அதே வயல் நிறம் மாறித் தெரியும். காலையில் 'என்ன இருக்கிறது இங்கே' என்று கடந்துபோன வயலை நண்பகலில் திரும்பிவரும்போது அடையாளம் தெரியாது.

கேள்வி: எந்த மாதம் போனால் பூக்கள் நிச்சயம்? (வாசகர் ஒருவர், கோவை)

பதில்: ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை என்பது பொதுக்கணக்கு. ஆனால் 'நிச்சயம்' என்ற சொல்லை அந்த மண் ஏற்பதில்லை. அங்கே மழை குளிர்காலத்தில், அதாவது நம் கோடை முடியும் மே தொடங்கி ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் பெய்கிறது. அது முன்பின்னாகப் பெய்தால் பூக்காலமும் முன்பின்னாகும். பொய்த்தால் பூக்களும் குறையும். ஊரிலிருந்து கிழக்கே போகப் போக மழை விரைவில் குறைந்துகொண்டே போவதால், சில கிலோமீட்டர் இடைவெளியிலேயே செடிகளின் வகை மாறிவிடுகிறது. மேற்கு விளிம்பின் மணற்கல் நிலத்தில் ஒருவகை, ஊரைச் சுற்றியுள்ள களிமண்ணில் வேறொருவகை, கருங்கல் உடைந்து உருவான செம்மண்ணில் மற்றொருவகை.

இவ்வூரை 'உலகக் குமிழ்ச்செடிகளின் தலைநகர்' என்று அழைக்கிறார்கள். வெங்காயத்தைப் போல மண்ணுக்கடியில் உணவையும் நீரையும் சேமித்துக்கொண்டு, வறண்ட கோடை முழுவதும் இலையே இல்லாமல் உறங்கிக் கிடக்கும் செடிகள் அங்கே அவ்வளவு நெருக்கமாக வளர்கின்றன. நம் கார்த்திகைப் பூவும் கிழங்கிலிருந்து மழைக்குத் துளிர்ப்பதுதானே! அங்கே வசந்தமான ஆகஸ்ட், செப்டம்பரில் போக முடியாதவர்கள், அங்கே இலையுதிர்காலமான மார்ச், ஏப்ரல் மாதங்களை யோசிக்கலாம். இலையுதிர்காலத்தின் முதல் நல்ல மழைக்குச் சில வாரங்களுக்குப் பின், புருன்ஸ்விஜியா பாஸ்மேனியே என்னும் செடி இலைக்கு முன்னமே பூவை அனுப்பி, வெறும் நிலத்தில் இளஞ்சிவப்புப் பந்துகளாக நிற்கும். காய்ந்ததும் அந்தப் பந்து தண்டிலிருந்து ஒடிந்து, காற்றில் உருண்டோடி விதைகளைச் சிதறும். எனினும் அந்தக் காட்சி சில நாட்களே நீடிக்கும் என்பதால், அதை மட்டும் நம்பி வெளிநாட்டுப் பயணச்சீட்டு வாங்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: உடன் வரும் என் தாயாரால் அதிகம் நடக்க இயலாது. அவர் எதைப் பார்ப்பார்? (வாசகி ஒருவர், மதுரை)

பதில்: நிறையவே பார்ப்பார். புல்பினெல்லா என்னும் செடியின் மஞ்சள் பூங்கதிர்களும் சாமந்தி வகைகளும் சாலையோர வயல்களிலேயே பரந்து கிடக்கும். காரை ஓரமாக நிறுத்தினால் போதும். அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுசென்று, கார்ட்டீரியா என்னும் ஆரஞ்சுப் பூ ஒன்றின் அருகே அமர்த்துங்கள். அதன் இதழ்களின் அடிப்பகுதியில் கரும்பச்சைப் புள்ளிகள் மேடுதட்டி, ஈ உட்கார்ந்திருப்பது போலவே மினுங்கும். அந்தப் பூவின் சில வகைகளில் ஆண் ஈக்கள் அதைப் பெண் ஈ என்றே எண்ணி இறங்கி, ஏமாந்து, மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. நடக்க முடிந்தவர்களுக்கு, முன்பு கிளென்லியன் என்ற ஆட்டுப்பண்ணையாக இருந்த ஹன்டம் தேசியத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. மாலையில் எல்லாப் பூக்களும் மூடிக்கொண்ட பின் விரிந்து மணக்கும் ஹெஸ்பெரான்தா வகைகளுக்காகச் சற்று நேரம் காத்திருக்கவும் வேண்டும்.

கேள்வி: நினைவாக ஒரு குமிழைக் கொண்டுவந்து தொட்டியில் வளர்க்கலாமா? (வாசகர் ஒருவர், ஈரோடு)

பதில்: கூடாது. காட்டுச்செடிகளை அனுமதியின்றிப் பறிப்பதும் தோண்டுவதும் அங்கே சட்டப்படி குற்றம். அரிய செடிகளைக் கடத்தி விற்பது அந்த வட்டாரத்தில் பெரிய சிக்கலாகிவிட்டது. ஊருக்குத் தெற்கேயுள்ள ஊர்லோக்ஸ்க்லூஃப் காப்பகத்தில் 2001-இல் கண்டறியப்பட்டு, மறு ஆண்டு கிளைவியா மிராபிலிஸ் என்று பெயரிடப்பட்ட செடி இதற்கு ஓர் உதாரணம். ஈரமான நிழற்காடுகளின் இனமென்று கருதப்பட்ட கிளைவியா அந்த வறண்ட பாறைச்சரிவில் கிடைத்தது தாவரவியலாளர்களை வியக்கவைத்தது, கடத்தல்காரர்களையும் ஈர்த்தது. படம் எடுங்கள், வழிகாட்டி ஓர் அரிய செடியைக் காட்டினால், அந்தப் படத்தை இணையத்தில் இடுவதற்கு முன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.